இரண்டு தண்ணி

ஞாயிறு காலை, லோரோங் கூலிட் சந்தையில்
துருவேறிய பூட்டுகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவே
பன்னிரண்டு ரிங்கிட்டுக்கு வாங்கினேன்
இந்தச் சுங்கானை.

நான் புகைப்பதில்லை.
பர்மா ரோட்டில் பொய்ப்பல் கட்டுகிறவன்.
காம்பின் நுனியில் கடித்தடம் பார்த்ததும்
கை தானாகக் காசை நீட்டிவிட்டது.

இடப்பக்கம் ஆழம். வலப்பக்கம் ஒன்றுமில்லை.
மேல்வரிசையில் ஒரு பல் சற்றே திரும்பி முளைத்தவர்.
கோபம் வந்தால் பேசாமல் கடித்தவர்.
அதற்குமேல் பற்கள் சொல்வதில்லை,
பெயரையோ, யார்மேல் கோபம் என்பதையோ.

வீட்டில் (ஜெலுத்தோங், ஒன்பதாவது மாடி)
செய்தித்தாள் விரித்துக் கழற்றினேன்.
கழுத்துக்குள் எத்தனையோ வருஷக் கறுப்பு.
மத்தியான வெயிலில் தார் இளகும் வாசனை.

முதலில் தண்ணீர்.
வெதுவெதுப்புக்கு மேல் கூடாது,
சுட்டால் கறுப்புக் காம்பு பச்சை பூத்துவிடும்.
மரத்துக்கு அதையும் அளந்துதான் காட்ட வேண்டும்,
உப்பினால் காம்பு நுழையாது.
பஞ்சு சுற்றிய கம்பியை விட்டு இழுத்தேன்.
தேத்தண்ணி நிறம். மறுபடி தேத்தண்ணி.
ஆறாவது கம்பியில் கோப்பி.
ஏழிலும் கோப்பி.
தண்ணீர் வந்து வந்து கதவைத் தட்டிவிட்டுப் போயிற்று.
பிசின், கடன்காரன் வந்த வீட்டுக்காரனைப் போல
உள்ளறையில் மூச்சுக்காட்டாமல் இருந்தது.

பிசினுக்கு மற்றது வேண்டும்.

எங்கள் வீட்டில் மற்றது கிடையாது.
பதினான்கு மாதமும் ஆறு நாளும்.
இருமல் மருந்துப் போத்தலைக்கூட
கண்ணாடி போட்டுப் படித்துவிட்டுத்தான்
கோகிலவாணி உள்ளே விடுவாள்.
கிளினிக்கில் டிசம்பரில் தந்த பழக்கேக்
வாசலோடு திரும்பிப் போனது.

நம் மொழியைத்தான் சொல்ல வேண்டும்.
தாகத்துக்குக் குடிப்பதும் தண்ணி,
தாகமே இல்லாமல் குடிப்பதும் தண்ணி.
"வாணி, இதுக்குத் தண்ணி வேணும்" என்றேன்,
சுங்கானைத் தூக்கிக் காட்டி.
அவள் குழாயைத் திறக்கவில்லை.

முகத்தைப் பார்த்தாள்.
விரல்களைப் பார்த்தாள், நடுங்குகிறதா என்று.
செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.
லிஃப்ட் இறங்கும் சத்தம்.
முப்பத்தைந்து நிமிடம்.
கறுத்த கம்பிகளை வரிசையாக அடுக்கினேன், கலைத்தேன்.
ஜன்னலுக்கு வெளியே கடலில் ஒரு கப்பல்
போகிறதா நிற்கிறதா, தெரியவில்லை.

வந்தாள்.
கையில் கண்மருந்துக் குப்பி ஒன்று.
ஆறாம் மாடி ஊய் சியூ லான்
கோழி சூப்புக்கு வைத்திருக்கும் வெள்ளைச் சாராயம்.
போத்தலை வேண்டாம் என்றிருக்கிறாள்,
எண்ணி வாங்கியிருக்கிறாள்.
"இருபது சொட்டு. நான் விடுறேன்.
நீங்க கம்பியப் பிடிங்க, போதும்."

அவள் சொட்டு. நான் கம்பி.
வாசனை ஏறியதும் நாக்கின் அடியில் ஊறியது.
துப்ப எழுந்தால் அதுவே செய்தியாகிவிடும்.
விழுங்கினேன்.
அவள் கண் என் தொண்டைக்குப் போனது,
எண்ணிக்கை தவறியது.
"எட்டா, ஒம்பதா?"
"ஒம்பது."
எட்டுதான்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால்
எனக்கும் தெரியாது. ஒன்று குறையட்டுமே என்றிருந்தது.

பிசின் அதன்பிறகு மறுப்புச் சொல்லவில்லை.
இழை இழையாக, ஏதோ ஒப்புக்கொள்வதுபோல,
கம்பியைப் பற்றிக்கொண்டு வெளியே வந்தது.
பதினேழு என்று அவள் சொன்ன சொட்டில்
பஞ்சு வெள்ளையாகத் திரும்பியது.
"மூணு மிச்சம்" என்றாள்.
நாலு இருந்தது.
சிங்க்கில் கவிழ்த்துவிட்டு
அதன்மேல் குழாயைத் திறந்தாள்.
நெடுநேரம் மூடவில்லை.

"இனி இத யார் பிடிக்கப்போறா?"
"யாருமில்ல."
"அப்ப எதுக்கு?"
காம்பைக் கடித்துப் பார்த்தேன்.
அந்தத் தடத்தில் என் பல் உட்காரவில்லை.

சுங்கானை வாங்கி மூக்கருகே வைத்து
ஆழமாக ஒருமுறை முகர்ந்தாள்.
பிறகு, பழக்கதோஷத்தில்,
என் வாயை.